அப்பாவின் பாட்டு மாண்டலினில் வருமா?

கேள்வி: எனக்கு 36 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பள்ளி நாட்களில் ஒரு மாஸ்டரிடம் மூன்று வருடம் மாண்டலின் கற்றேன். கர்நாடக சங்கீதம்தான், சில கீர்த்தனைகள் வரை. என் அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர்களின் வீட்டில் கேட்ட ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற ஜாஸ் பாட்டை இன்றும் முணுமுணுப்பார். அவருடைய 75ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அன்று அதை வாசித்துக் காட்ட ஆசை. ஆனால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற ‘கார்டு’களின் படங்களைப் பார்த்துப் பிடித்தால் விரல் வலிக்கிறது, பாட்டும் வரவில்லை. கிடாருக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள், தம்பி. இந்தப் பாட்டு மாண்டலினுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்தால் கிடாரை நினைக்கவே மாட்டீர்கள்.

முதலில் கம்பிகளைப் பாருங்கள். ச-ப-ச-ப என்று சுருதி வைத்திருந்தால், அதை இந்தப் பாட்டுக்காக ஜி, டி, ஏ, ஈ என்று மாற்ற வேண்டும். வயலினுக்கு மேற்கத்திய இசையில் உள்ள அதே சுருதிதான். பழைய கம்பியை முறுக்கி ஏற்றினால் அறுந்துவிடும், புது செட் போட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் கடல்காற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அப்புறம், கார்டு படங்களை மூடி வைத்துவிட்டுப் பாட்டைப் பாடுங்கள். எனக்கு இதைக் காட்டியவர் வியாசர்பாடியில் இருந்த ஒரு கிடார்காரர். நான் தாளைப் பார்த்து வாசிக்க உட்கார்ந்ததும் அதை வாங்கி மடித்துவிட்டு, “பாடு” என்றார். ஒரு வாரம் வெறும் பாட்டுதான். அப்போது கோபம் வந்தது. இன்று வரை அந்தப் பாட்டு எனக்கு மறக்கவில்லை.

உங்களுக்குச் சுரம் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்தது. ஈ என்ற சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ‘ச ரி க த’ என்று ஏறி, தைவதத்தில் நிற்கும். அடுத்து கீழ் நிஷாதத்திலிருந்து ‘நி ச ரி ப’. அதற்கடுத்து கீழ் தைவதத்திலிருந்து ‘த நி ச ம’. நிற்கிற இடங்களை மட்டும் பாருங்கள்: த, ப, ம. ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்குகிறது. ஜோசப் காஸ்மா 1945-இல் இசையமைத்த இந்தப் பாட்டின் உயிரே அந்த இறக்கம்தான். பெரும்பாலும் நம் நடபைரவி ராகத்தின் சுரங்கள். பி7 என்ற கார்டு வரும்போது மட்டும் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த ‘நி’, சேர்ந்து கீரவாணி ராக வாசனை அடிக்கும். அந்த இடத்தில் ஒரு கனம் கூடும், அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

இப்போது கார்டுக்கு வருவோம். ஏ மைனர், டி7, ஜி என்று பாட்டு தொடங்குகிறது. உங்கள் மாண்டலினின் மூன்று திறந்த கம்பிகளும் அவைதானே! ஏ, டி, ஜி என்று அடுத்தடுத்த கம்பிக்கு இறங்கினாலே பாட்டின் அடித்தளம் வந்துவிடுகிறது. நான்கு கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற படங்கள் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். டி, ஏ என்ற நடுக் கம்பிகள் இரண்டு போதும். டி கம்பியின் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள குறுக்குக் கட்டை) எண்ணை முதலிலும் ஏ கம்பியின் எண்ணை அடுத்தும் சொல்கிறேன், 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி: ஏ மைனர்7-க்கு 5-3, டி7-க்கு 4-3, ஜி மேஜர்7-க்கு 4-2, சி மேஜர்7-க்கு 2-2, எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டுக்கு 2-0, பி7-க்கு 1-0. கடைசியாக ஈ மைனருக்கு 5-2. ஈ மைனருக்கு முன்பு வரை ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு விரல்தான் நகர்கிறது. விரல் வலியும் இதிலேயே குறையும்.

மொத்தம் 32 பார், ஒரு பார் என்பது நான்கு தட்டு. முதல் எட்டு, மறுபடியும் அதே எட்டு, பிறகு வேறு எட்டு, கடைசியில் இன்னொரு எட்டு. எந்த எட்டில் இருக்கிறோம் என்பது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோயில் விழாவில் மூன்றாவது எட்டை மறந்து முதலுக்கே திரும்பிவிட்டேன். கூட வாசித்தவர்கள் எனக்காக நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வாசிப்பதற்கு முன் 32 பாரையும் கைதட்டிக்கொண்டே ஒரு முறை பாடிவிடுகிறேன்.

தட்டும்போது ஒன்று, மூன்றில் தட்டாமல் இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். ஜாஸின் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. ஓர் அட்சரத்தைத் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசித்தால் ஏறக்குறைய ‘ஸ்விங்’ என்கிற ஜாஸ் நடை வந்துவிடும். வேகம் வேண்டாம், நிமிடத்துக்கு 80 தட்டு போதும். மாண்டலினில் நாதம் சட்டென்று அடங்கிவிடும் என்பதால் நீளமாக நிற்கிற சுரங்களுக்கு பிக்கால் மேலும் கீழுமாக விடாமல் மீட்டுங்கள். இதைத்தான் ட்ரெமலோ என்கிறார்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்தே அடர்த்தியாக மீட்டாமல், மெல்லத் தொடங்கி ஏற்றுங்கள்.

இந்த வாத்தியத்தில் ஜாஸ் வாசிப்பது புதிதில்லை. அமெரிக்காவின் ஜெத்ரோ பர்ன்ஸ் இதைச் செய்து காட்டியவர், தேடிக் கேளுங்கள். நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாலினோடு ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் வாசித்தவர்தானே.

முதல் மாதம் பாட்டு மட்டும். இரண்டாம் மாதம் அந்த இரண்டு கம்பிக் கார்டு. மூன்றாம் மாதம் ஒரு முறை பாட்டு, ஒரு முறை கார்டு என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். கார்டு வாசிக்கிற தடவைதான் முக்கியம், ஏனென்றால் அப்போது பாட வேண்டியவர் உங்கள் அப்பா. இன்றே அவரை முணுமுணுக்க விட்டு, அவர் குரல் எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈ-யை விட இரண்டு ஃப்ரெட் மேலே இருந்தால் நான் சொன்ன எண்கள் எல்லாவற்றிலும் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.