பாசிக்குப் போகிற கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்கு மண்டபம் பக்கம். அம்மா கடலில் இறங்கிப் பாசி எடுக்கப் போவார். சுகர் உண்டு. பாறை கிழித்த காலில் புண் ஆறவே இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால், "இதுக்கு அது செல்லாது, ஜி.எச்.சுக்குப் போங்க" என்றார்கள். அங்கே டாக்டர், "சொன்ன தேதிக்கு வராம இப்ப வந்து நிக்கிறியே" என்று சத்தம் போட்டார். ஏழை என்றால் டாக்டர்களுக்கு இளக்காரமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவை அப்படிப் பேசியது தவறு, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் இளக்காரம்தான் காரணம் என்று இதை முடித்துவிட்டால், நல்ல மனசுள்ள டாக்டர் வருவாரா என்று காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

தனியாரில் காசுதான் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு, அதுவும் இதற்கு இவ்வளவு என்று முன்பே முடிவுசெய்த தொகை. நாள்விட்டு நாள் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டி வருவதற்கு அதை நம்ப முடியாது.

ஜி.எச்.சில் நோயாளி காசு கொடுப்பதில்லை, டாக்டருக்கும் சம்பளம் வந்துவிடும். அப்புறம் ஏன் அந்தக் கோபம்? வாசலைத் தாண்டி நிற்கிற வரிசையில் ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான், அதற்குள் அவர் கண்ணில் படுவது புண் மட்டும். போன தடவை பார்த்துப் பார்த்துக் கட்டிய கால் மோசமாகித் திரும்பி வரும்போது, தன் பேச்சை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். நாலு பேர் இப்படி வந்ததும் "இந்தச் சனங்க இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார். காசைவிட இந்த முடிவுதான் வைத்தியம் பார்க்கும் விருப்பத்தைக் கொல்கிறது என்று நினைக்கிறேன்.

பாம்பன் பக்கம் ஒரு சின்னப் பையன் டாக்டராக வந்திருந்தார். அவரும் முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஒரு பாசிக்கார அக்காவிடம் ஏன் வரவில்லை என்று உட்காரவைத்துக் கேட்டார். தண்ணி தோதான நாளில் போகாவிட்டால் அந்த மாசக் கடனைக் கட்ட முடியாது, உப்புத் தண்ணியில் கால் நனையும் என்று தெரிந்துதான் இறங்குகிறோம் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தேதி எழுதுவதற்கு முன் "எந்த நாள் தொழில் இல்லை?" என்று கேட்க ஆரம்பித்தார், வருகிறவர்களும் கூடினார்கள். மேல்படிப்புக்கு பி.ஜி. சீட் கிடைத்ததும் போய்விட்டார். அதைக் குறை சொல்ல முடியாது, அடுத்து வந்தவர்தான் பாவம், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஒரு சுரங்கக் கிராமத்திலேயே பல பத்தாண்டுகள் இருந்த டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைகிறது என்று 1971-இல் எழுதினார். தங்கியவர் என்பதால் அவர் சொல்லை நம்புகிறேன். ராமநாதபுரத்தில் 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடமும் உண்டு. பாசிக்குப் போகிற ஒரு வீட்டுப் பிள்ளை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால், "எந்த நாள் தொழில் இல்லை?" என்ற கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சரி, இப்போதைக்கு அம்மாவின் கால். தள்ளிப்போடாதீர்கள், சுகர் புண் காத்திருக்காது. இந்த முறை நீங்களும் கூடப் போங்கள். டாக்டர் தேதி எழுதுவதற்கு முன்னாலேயே, அம்மா கடலில் இறங்கும் நாட்களைச் சொல்லிவிடுங்கள்.