‘பொருந்தும் சட்டம்’ எங்கே முடிகிறது?

வணக்கம்,

விநியோக ஒப்பந்தம் ஒன்றின் வரைவைச் சரிபார்க்கிறேன். ‘பொருந்தும் சட்டம்’ என்பதற்கு “தேசியச் சட்டம், சர்வதேசச் சட்டம், மீதேசியச் சட்டம் அனைத்தும்” என்று வரையறை தந்திருக்கிறார்கள். சரக்கு ஜெர்மனி, நார்வே, பிரிட்டன் மூன்றுக்கும் போகும். மூன்றாவது சொல்லுக்குத் தனி வரையறை வேண்டுமா? சர்வதேசச் சட்டத்திலேயே அது அடங்கிவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அடங்காது. சர்வதேச உடன்படிக்கை பொதுவாக அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும். அது ஒரு நிறுவனம் வரை இறங்கி வருமா என்பதை அந்தந்த நாட்டின் அரசமைப்பு முடிவுசெய்யும். மீதேசியச் சட்டம் வேறு வகை. உறுப்பு நாடுகள் சட்டமியற்றும் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகின்றன; அந்த அமைப்பின் விதி, உள்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போகாமலே தனியாரையும் கட்டுப்படுத்த முடியும். ஐரோப்பிய நீதிமன்றம் இதை 1963-இல் வான் கென்ட் என் லோஸ் வழக்கிலும், 1964-இல் கோஸ்டா வழக்கிலும் நிலைநாட்டியது. ஐரோப்பாவுக்கு வெளியிலும் இது உண்டு. ஆப்பிரிக்காவில் 17 நாடுகளின் ஒஹாடா அமைப்பு இயற்றும் வணிகச் சட்டங்கள் உறுப்பு நாடுகளில் நேரடியாகவே செல்லும்.

உங்கள் வரைவில் எனக்கு உறுத்துவது ‘அனைத்தும்’ என்ற சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம், பிரிவு 288, ரெகுலேஷன், டைரக்டிவ், முடிவு, பரிந்துரை, கருத்து என்று பிரிக்கிறது. கடைசி இரண்டுக்கும் கட்டுப்படுத்தும் வலு இல்லை. ரெகுலேஷன் நேரடியாகச் செல்லும். டைரக்டிவ் அரசுகளை நோக்கியது: எட்டவேண்டிய விளைவைச் சொல்லிவிட்டு, வழியை அரசிடம் விட்டுவிடும். டைரக்டிவ் தானாக ஒரு தனியார்மீது கடமை சுமத்தாது என்று 1994-இல் ஃபாச்சினி டோரி வழக்கில் மீண்டும் உறுதியானது.

ஆனால் சட்டம் சுமத்தாத கடமையை ஒப்பந்தம் சுமத்தலாம். “எல்லா டைரக்டிவ்களுக்கும் இணங்குவேன்” என்று விற்பவர் கையெழுத்திட்டால், ஜெர்மனி இன்னும் உள்நாட்டுச் சட்டமாக்காத ஒன்றுக்கும் வாங்குபவர் அவரைப் பிடிக்கலாம். நாட்டுக்கு நாடு நடைமுறைப்படுத்தலும் மாறும். எந்த நாட்டுப் பதிப்பு என்ற சண்டை தனி. எனவே டைரக்டிவைக் குறிக்கும் இடத்தில் “அதை நடைமுறைப்படுத்தும் தேசியச் சட்டம்” என்றே எழுதுங்கள்.

நார்வே ஒன்றிய உறுப்பினர் அல்ல. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் வழியாக இணைந்திருக்கிறது. ஒரு ரெகுலேஷனை அந்த ஒப்பந்தத்தின் கூட்டுக்குழு ஏற்று, நார்வே தன் சட்டத்தில் சேர்த்த பிறகே அங்கே செல்லும். தரவுப் பாதுகாப்பு ரெகுலேஷன் ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் செயல்பட்டது. நார்வேயில் ஜூலை 20 முதல்தான். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபின் தரப்பட்ட இடைக்காலம் 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. விலகிய பிறகும் பிரிட்டன் தன் சட்டமாகத் தக்கவைத்த ஐரோப்பியச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் ‘உள்வாங்கப்பட்ட சட்டம்’ ஆனது. ஐரோப்பியச் சட்டத்தின் முதன்மையும் அன்றோடு போயிற்று. ஆனால் சரக்கு வட அயர்லாந்துக்குப் போனால், சில ஒன்றியச் சரக்கு விதிகள் இன்றும் பொருந்தும். ‘பிரிட்டன்’ என்று மொத்தமாக எழுதாமல் வட அயர்லாந்தையும் மற்ற பகுதியையும் பிரித்து எழுதுங்கள்.

இப்படி எழுதலாம்: “மீதேசியச் சட்டம் என்பது, சரக்கு ஒப்படைக்கப்படும் நிலப்பகுதியின் அரசு உறுப்பினராக உள்ள, அல்லது உடன்படிக்கையால் இணைந்துள்ள அமைப்பின் விதிகளில், நேரடியாகவோ தேசியச் சட்டத்தின் வழியாகவோ, அந்நிலப்பகுதியில் உரிய தரப்பைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை, அவ்வப்போது திருத்தப்பட்டு நடப்பில் உள்ளவாறு.” சர்வதேசச் சட்டத்துக்கும் “உரிய தரப்பைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு” என்ற அதே வேலியைப் போடுங்கள்.

‘அவ்வப்போது’ என்பது இலவசம் அல்ல. புதிய விதி வந்து சோதனைச் செலவு கூடினால் யார் ஏற்பது என்பதற்குச் சட்டமாற்றப் பிரிவு ஒன்று தேவை. அதில் ஒரு நாடு அமைப்பிலிருந்து விலகுவதையும் மாற்றமாக எண்ணுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எண்களைக் குறிக்கும்போது கவனம். 2014 வரை ரெகுலேஷனில் எண் முன்னால், ஆண்டு பின்னால் (593/2008). 2015 முதல் ஆண்டு முன்னால் (2016/679). திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்த பதிப்பு வாசிக்க வசதிதான், சட்ட வலு அதற்கில்லை; அதிகாரபூர்வ இதழில் வந்த பாடத்தையும் திருத்தங்களையும் சுட்டுங்கள்.