அம்மா திரும்பி வந்துவிட்டாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க நடனக் கலைஞர் ஜெர்மேன் அகோஞி தனியொருவராக நிகழ்த்தும் 'தொடக்கத்தின் ஓரிடத்தில்' என்ற நடனத்தை, காலனியத்திலிருந்து பெறும் விடுதலை என்று எழுதியிருந்தீர்கள். காணொளித் துணுக்குகள் சில பார்த்தேன். ஒரு பெண் தன் அப்பாவோடு வழக்காடுகிறார், அவ்வளவுதானே? வீட்டுச் சண்டைக்குக் காலனியம் என்று பெயர் சூட்ட வேண்டுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அந்த அப்பா யார் என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள இன்றைய பெனின் நாடு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், அவர்களுடைய நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர் அவர். கிறித்தவராக மாறியவர். அவரைப் பெற்ற அலோஃபோ, அந்த மண்ணின் பழைய சமயமான வோடுன் வழிபாட்டில் பூசாரி. தாய் கும்பிட்ட தெய்வத்தை விட்டால்தான் மகன் முன்னேற முடியும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? இந்த வீட்டுச் சண்டையை மூட்டிவிட்டதே காலனியம்தான். அதே மகன்தான் பிற்காலத்தில் தாயின் கதைகளை எழுதிவைத்தார், பிரெஞ்சு மொழியில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

1944இல் பிறந்த பேத்தி அகோஞிக்கு யோருபா மொழியில் இயா துண்டே என்றும் பெயர் உண்டு. 'அம்மா திரும்பி வந்துவிட்டாள்' என்று பொருள். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015இல், தமது 71ஆம் வயதில், அகோஞி மேடையில் அப்பாவின் எழுத்தை வாசிக்கிறார். வாசிப்பது மகளா, திரும்பி வந்த தாயா? இதற்காகத்தான் மேடையில் ஒருவர் மட்டும். பதத்துக்கு அபிநயம் பிடிப்பவர் நாயகியாகவும் தோழியாகவும் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே அப்பா, மகள், பாட்டி மூவருக்கும் ஓர் உடல். மூவரில் எவரையும் அவர் வெளியே தள்ளவில்லை. விடுதலை என்று நான் எழுதியது அதைத்தான்.

பாரிசில் உடற்கல்வி பயின்றவர் அவர். ஆனாலும் அவர் வகுத்த நடனமுறையில் முதுகெலும்பு ஒரு பாம்பு, மார்பு சூரியன், பிட்டம் நிலா. ஓர் அசைவுக்கு இலவமரத்தின் பெயர். செனகலின் துபாப் ஜலாவ் கிராமத்தில் 1998இல் கணவரோடு தொடங்கிய பள்ளியில் ஒரு கூடத்துக்கு மணல்தான் தரை. மணலில் வெறுங்காலோடு ஆடிப் பாருங்கள், ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும். இடுப்பும் முதுகும் சேர்ந்து வேலை செய்தால்தான் அடுத்த அடி எடுக்க முடியும்.

துணுக்குகளை விடுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் முழு நிகழ்வையும் ஒரே அமர்வில் பாருங்கள். அப்பாவின் வரிகள் வரும்போது அவர் முதுகைக் கவனியுங்கள். பிறகு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.