நைரோபித் தகரப்பெட்டி

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக இரண்டு ஆண்டுகள் கென்யாவின் தலைநகர் நைரோபியில் இருக்க வேண்டியிருக்கிறது. 1899-க்கு முன் அங்கே ஊரே கிடையாதாமே, வரலாறில்லாத ஊரில் எதைப் பார்ப்பது? அங்கே ரயில்பாதை போட்டவர்களில் தமிழர்கள் உண்டா? செல்பேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா பிறந்த ஊர்தான். ஆனாலும் எங்கு பார்த்தாலும் பதிவோ உரிமமோ இல்லாத முறைசாராத் தொழில். இந்த ஒழுங்கின்மைதான் அந்த நகரத்தின் நோய் என்று தோன்றுகிறது. மனைவியையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். நைரோபியில் வாங்கியது. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

எந்த ஊருக்குப் போனாலும் ‘நம்மாள் இருந்தானா’ என்று தேடுவது நமக்கொரு வியாதி. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து பாதை போட இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 32,000 பேரில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். சிங்கத்துக்கு இரையானவர்களுக்குக் கதை இருக்கிறது, காய்ச்சலில் போனவர்களுக்கு அதுவும் இல்லை. எம்-பெசாவை விடுங்கள், எல்லாரும் எழுதியாயிற்று. அந்தப் ‘பெசா’ நம்ம பைசாதான். 1920 வரை அங்கே செலாவணியே ரூபாய்தான்.

வரலாறில்லாத ஊரா? மசாய் இனத்தார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடம் அது. ‘என்காரே நைரோபி’ என்றால் குளிர்ந்த நீர். பிளவுப் பள்ளத்தாக்கின் ஏற்ற இறக்கத்துக்கு முன்னால் கிடைத்த கடைசிச் சமதளம் என்று ரயில்வே அங்கே முகாம் போட்டது. பத்து வருஷம் முடிவதற்குள் அதுவே தலைநகரம். ஆனால் உங்கள் விமான டிக்கெட்டில் அச்சாகியிருப்பது மாடு மேய்த்தவன் வைத்த பெயர்.

உங்கள் ‘ஒழுங்கின்மை’க்கு வருகிறேன். அந்தச் சொல்தான் எனக்கு எரிச்சலூட்டியது. யார் போட்ட ஒழுங்கு ஐயா? வெள்ளைக்காரனுக்கு மேற்கே மேடும் தோட்டமும், இந்தியருக்குக் கடைத்தெரு. கறுப்பர் வேலைக்கு வரலாம், நிலையாகக் குடியிருக்கக் கூடாது. ‘கிபாண்டே’ என்னும் அடையாளச்சீட்டைத் தகரக் கூட்டுக்குள் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். 1954 ஏப்ரலில், மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க, வெள்ளைக்காரப் பட்டாளம் நகரத்தைச் சுற்றி வளைத்துச் சலித்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அனுப்பியது. பெரும்பாலும் கிகுயு இன மக்கள். அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘ஆன்வில்’, அதாவது பட்டறைக்கல்.

1963-ல் விடுதலை. நகரத்துக்குள் வந்தவர்களுக்கு ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை இல்லை. தெருவோரத்தில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ‘ஜுவா காலி’ என்று பெயர். சுட்டெரிக்கும் வெயில் என்று அர்த்தம். கூரை கிடையாது, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டுப் போன சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு 1972-ல் எழுதிய அறிக்கைதான் ‘முறைசாராத் துறை’ என்பதை உலகமெங்கும் பரப்பியது. நீங்கள் நோய் என்று எழுதிய அதே சொல். அந்த அறிக்கையோ அதை நோய் என்று சொல்லவில்லை, அரசாங்கம் அதை விரட்டுவதைத்தான் குறை சொன்னது.

நைரோபியில் தகரவேலை நடக்கும் கமுகுஞ்சிக்குப் போங்கள். தெருமுனை திரும்பும் முன்பே காது அடைத்துவிடும். பழைய எண்ணெய் டிரம்மைப் பிளந்து, சுத்தியலால் தட்டித் தட்டித் தகடாக்குகிறார்கள். அளவுக்கு வெட்டுப் போட்ட ஒரு குச்சி, வேறு அளவுகோல் இல்லை. பெட்டியின் உடலை மடிப்பவர் ஒருவர், கொக்கி மட்டும் செய்பவர் ஒருவர், வர்ணம் பூசுபவர் இன்னொருவர். ஒரு பெட்டி நாலைந்து கை மாறித்தான் விலைக்கு வருகிறது. ஒழுங்கில்லை என்கிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பெட்டி. பதினோரு வயதில் நானும் அப்படியொரு ட்ரங்குப்பெட்டியோடுதான் விடுதிக்குப் போனேன். பூட்டு என் பெட்டியில் தொங்கும், சாவி அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கும். முதல் நாள் ராத்திரி சட்டை மாற்ற முடியாமல் அழுதேன். அந்த நினைப்பில் ஒன்று வாங்கப்போய், மூலையில் நசுங்கியிருக்கிறது என்று பேரம் பேசினேன். அந்த மனிதர் பெட்டியைப் புரட்டி, உள்ளிருந்து ஒரே தட்டு. நசுங்கல் போய்விட்டது. “இப்போது அதே விலை” என்றார். கொடுத்தேன். மூடியைத் திறந்தால் உட்புறம் எண்ணெய்க் கம்பெனியின் பெயர் தலைகீழாகப் பாதி தெரியும்.

மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பளிச் சட்டை வேண்டும், ஜூலையில் அங்கே குளிரும்.