சின்ன வயதில் ரசித்த கார்ட்டூன் படத்தை வளர்ந்தபின் மறுபடி பார்த்தால் அதே சந்தோஷம் கிடைக்குமா?

எனக்கு முன்பைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. நான் மறுபடி பார்த்தது டிஸ்னியின் '101 டால்மேஷியன்ஸ்', 1961-இல் வந்த படம். கூட அக்கா மகளும் உட்கார்ந்து பார்த்தாள்.

சின்ன வயதில் எனக்கு நாய்க்குட்டிகள் மட்டும்தான் தெரிந்தன. இந்த முறை கோடுகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா நாய் போங்கோவின் கழுத்திலும் வில்லி க்ருயெல்லாவின் முழங்கையிலும் வரைந்தவரின் பென்சில் கோடு சொரசொரப்பு மாறாமல் அப்படியே தெரிகிறது. அதற்கு முந்தைய டிஸ்னி படங்களில் இது இருக்காது. ஓவியர் போட்ட படத்தை இன்னொருவர் கண்ணாடித் தாளில் மையால் நகலெடுப்பார். அந்த வேலையைச் செய்ய ஒரு பெரிய பிரிவே இருந்தது, பெரும்பாலும் பெண்கள். 1959-இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' பணத்தை விழுங்கி நஷ்டத்தில் முடிந்ததும் செலவைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை. அப் ஐவர்க்ஸ் என்பவர் ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்து, பென்சில் படம் நேராக அந்தக் கண்ணாடித் தாளில் பதியும்படி செய்தார். அது இல்லாமல், இத்தனை புள்ளி நாய்கள் வரும் இந்தக் கதையைத் தொட்டிருக்கவே முடியாது. போங்கோவுக்கு 72 புள்ளி, அம்மா நாய் பெர்டிடாவுக்கு 68, ஒவ்வொரு குட்டிக்கும் 32. படம் முழுக்க 64 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் என்று ஸ்டுடியோவே கணக்குச் சொன்னது.

வால்ட் டிஸ்னிக்கு இந்தக் கரடுமுரடு பிடிக்கவில்லை. எனக்கு அதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. மார்க் டேவிஸ் வரைந்த க்ருயெல்லாவைப் பாருங்கள். எலும்பும் தோலுமான கை, அலைபாயும் கோட்டு, பச்சைப் புகை. வழவழப்பான மைக்கோட்டில் அந்த ஆத்திரம் இவ்வளவு வந்திருக்காது.

குட்டிகள் பிறக்கும் காட்சியில் எங்கள் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. வெளியே இடி, மழை. வீட்டுப் பணிப்பெண் நானி கதவைத் திறந்து திறந்து எண்ணிக்கை சொல்கிறாள். பதினைந்து என்றவள், ஒன்று போய்விட்டது என்கிறாள். போங்கோவை வளர்க்கும் ரோஜர் அந்தக் குட்டியைத் துணியில் சுற்றித் தேய்க்கிறார், நிறுத்தாமல் தேய்க்கிறார், அது அசைகிறது. மூச்சு வராத குட்டியை மருத்துவர்களும் உண்மையில் துண்டால் தேய்த்துத்தான் தூண்டுவார்கள். குட்டிகள் உடம்பில் புள்ளியே இல்லாமல் பிறப்பதும் நிஜம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து, அந்தக் குரைப்புச் செய்தி. க்ருயெல்லா ஆள் வைத்துத் திருடிய குட்டிகளைப் போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தி நேரத்தில் லண்டனின் பிரிம்ரோஸ் ஹில்லில் நின்று போங்கோ குரைக்கிறது. அந்தக் குரைப்பு நாய்க்கு நாய் தாவி, நகரம் தாண்டி, கிராமத்தில் ஒரு கிழட்டுச் செம்மறிக் காவல்நாயின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. துப்பறியப் போவது டிப்ஸ் என்ற பூனை! திரும்பும் வழியில் பனியில் விறைத்துப்போன குட்டிகளுக்குப் பசுக்கள் பால் கொடுக்கின்றன. லண்டன் போகும் வேனைப் பிடித்துக் கொடுப்பது ஒரு லாப்ரடார். இவர்களில் யாருக்கும் அந்தக் குட்டிகள் சொந்தமில்லை. முடிந்ததை ஆளுக்கொன்றாகச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். சின்ன வயதில் இதைக் கவனிக்காமலேயே கடந்திருக்கிறேன். இப்போது என்னை உலுக்கியது க்ருயெல்லாவைவிட இவர்கள்தான்.

திருடர்கள் இருவரும் அடிபட்டு உருளும் பகுதி கொஞ்சம் நீளம். குழந்தைகள் அதற்குத்தான் அதிகம் சிரிப்பார்கள், இருக்கட்டும். புகைபிடிக்கும் காட்சிகள் நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகளோடு பார்த்தால் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள்.

படம் முடிந்ததும் ஒரு குட்டி வேண்டும் என்று கேட்பார்கள், அக்கா மகளும் கேட்டாள். டால்மேஷியன், குதிரை வண்டியோடு கூடவே ஓடப் பழக்கப்பட்ட இனம். அதற்குத் தினமும் நிறைய ஓட வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் இந்த இனத்தில் அதிகம். படம் பார்த்த வேகத்தில் வாங்கிவிடாதீர்கள்.