நான்கு தட்டும் 2 மி.மீ. குறைந்தது ஏன்?

வணக்கம் நண்பரே. பிளைவுட்டில் நான்கு தட்டுகளையும் அடுத்தடுத்துப் பென்சிலால் குறித்துவிட்டு அறுத்தேன், எல்லாம் 2 மி.மீ. குறைகிறது என்கிறீர்கள். டேப்பின் மேல் தப்பில்லை. முனைக் கொக்கி ஆடுவதும் பழுதல்ல. உள்ளளவு, வெளியளவு இரண்டும் சரியாக வர, தன் தடிமனளவு நகரும்படிதான் அதைச் செய்கிறார்கள்.

வட்ட ரம்பத்தின் பிளேடே 2, 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிடும். அதனால் ஒன்றைக் குறித்து அறுத்த பிறகே அடுத்ததைக் குறியுங்கள். கழிவுப் பக்கம் பெருக்கல் குறி போட்டு, பிளேடை அந்தப் பக்கமே விடுங்கள்.

அப்புறம், பென்சிலுக்குப் பதில் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) ஒட்டிக் கூரான கத்தியால் கீறிப் பாருங்கள். மேல் நார் முன்பே அறுபடுவதால் விளிம்பு சிலும்பாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது! மூலைமட்டம் சரியா என்று பார்க்க, ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் விலகினால் மட்டமே கோணல்.