காணியை ஈடு வைத்து மகனைக் கனடாவுக்கு அனுப்ப முன்

அம்மா, மகன் படிக்கக்கூடிய பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பயமெல்லாம் நீங்கள் எடுக்கப்போகும் கடனில்தான்.

மாணவர் வீசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கென்று 2023 முடியும்வரை 10,000 கனேடிய டொலர் காட்டினால் போதுமாக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆகி, 2025 செப்டெம்பரில் 22,895க்குப் போனது. கட்டணமும் பயணச் செலவும் புறம்பு. டொலர் பத்து ரூபாவால் ஏறினாலே இந்தத் தொகையில் மட்டும் 2,28,950 ரூபா கூடும்.

வங்கியில் முதலில் கேட்க வேண்டியது, வட்டி நிலையானதா, மாறுவதா என்பதைத்தான். 20 இலட்சத்துக்கு 12 வீதமென்றால் மாத வட்டி 20,000 ரூபா. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே தரத்தில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அப்படியொன்று திரும்ப வந்து முழுதாக உங்கள் கடனில் ஏறினால் மாத வட்டி 31,600ஐத் தாண்டும். 2022 மார்ச்சில்தான் ரூபாவை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டார்கள். 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. வட்டியும் டொலரும் ஒன்றாக ஏறும் காலத்தையும் தாங்குமா என்று பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

நெல்லுக் காசு காலபோகத்தில் வரும். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் பாயாது. தவணையோ மாதாமாதம். அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணை தருவார்களா என்று கேளுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் எவரிடமும் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம்.

மகளின் ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தையும் தவணைக்கு எண்ணியிருக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதமாக நடைமுறைப்படுத்தியது. ஓடர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம். அவளின் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மகன் அங்கே படிப்புக் காலத்தில் வாரம் 24 மணித்தியாலம்தான் வெளியில் வேலை செய்யலாம்; கட்டணம் கட்ட அது காணாது. கல்லூரி டிப்ளோமாவென்றால், படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி கிடைக்கும் துறைகளின் பட்டியலில் அந்தப் பாடநெறி இருக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த இந்த விதியை ஏஜென்சிக்காரர் சொல்லாமல் விடுவதுண்டு. கனடா அரசின் இணையத்தளத்தில் மகனே பார்க்கட்டும்.

வீசா மறுக்கப்பட்டால் முற்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கியபின் காசு அனுப்புங்கள். இந்தக் கணக்குச் சரிவராவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்குக் காணியை ஈடு வைக்கத் தேவையில்லை.